முதல்வர் அறையும் பட்டறையும்

திருவொற்றியூரைக் கடந்து எண்ணூரை நோக்கி வடக்கே செல்லும் எவர் கண்ணுக்கும் ஒரு காட்சி தப்புவதில்லை. ஒருபுறம் கடலும் மீனவர் குப்பங்களும். மறுபுறம் ஆலைகளின் நெடிய மதில்கள். 1946இல் திருவொற்றியூரில் சிறுவர் ஊதி விளையாடும் ரப்பர் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எப். நிறுவனம் பிற்காலத்தில் டயர்த் தொழிலில் பேருருவெடுத்தது. 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை கண்டு, 1955இல் அசோக் லேலண்டு எனப் பெயர் பூண்டது. அதே காலத்தில் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் உருவாகத் தொடங்கிற்று. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் எழுந்தது. 2017இல் அது மூடப்பட்டது. 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் இன்று காமராசர் துறைமுகம் என்று வழங்குகின்றது.

இத்தனை ஆலைகள் சூழ்ந்த ஊரில் வேலைக்கென்ன பஞ்சம் என்று வெளியூரார் வினவுவர். ஊரில் வாழ்வோருக்கல்லவா உண்மை தெரியும்! மதிலை ஒட்டிக் குடியிருப்பதால் மட்டும் மதிலுக்கு உள்ளே இடம் கிடைத்துவிடுவதில்லை. தந்தை வலை வீசுகிறவராகவோ சுமை தூக்குகிறவராகவோ இருப்பார். மகன் பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறியிருப்பான். அவன் அதே ஆலையின் வாயிலில் ஒப்பந்தக் கூலியாக நிற்பான்; வெகு தொலைவிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் கையில் சான்றிதழோடு உள்ளே செல்வான். வெளியே நிற்பவனை உள்ளே அழைத்துச் செல்லக்கூடிய பாலம் ஒன்றே ஒன்று உண்டு. அதுதான் தொழிற்கல்விக் கூடம். அரசினர் தொழிற்பயிற்சி நிலையமாயினும், பாலிடெக்னிக் ஆயினும், சமுதாயக் கல்லூரியாயினும் பணி ஒன்றே.

இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்புவது அக்கூடங்களின் பாடத்திட்டத்தையன்று, அவற்றின் தலைமையை. பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் பெற்றோர் கட்டணம் எவ்வளவு, பேருந்து வசதி உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். அங்கே முதல்வராய் இருப்பவர் எத்தகையவர் என்று கேட்போர் மிக அரியர். ஆனால் பிற கல்லூரிகளைவிடத் தொழிற்கல்விக் கூடத்தில்தான் இக்கேள்விக்கு எடை அதிகம்.

காரணம் எளியது. இலக்கியமோ வரலாறோ பயிலும் மாணவனுக்கு முதல்வர் திறமையற்றவராய் வாய்த்தாலும் நூல்நிலையம் இருக்கின்றது. அவன் தானே படித்துக் கரையேறலாம். கடைசல் இயந்திரத்தை எவரும் வீட்டுக்கு எடுத்துச் சென்று பழக இயலாது. வெல்டிங் கம்பி வாங்கும் கோப்பில் இரண்டு மாதம் கையொப்பம் விழாவிட்டால், ஓராண்டுப் பயிற்சியில் ஆறில் ஒரு பங்கு போயிற்று. பழுதான இயந்திரத்தின்மேல் துணியைப் போர்த்திவிட்டால், அதில் கற்றிருக்க வேண்டிய கைகள் கல்லாமலே வெளியேறும். பயிற்றுநர் பணியிடம் காலியாய்க் கிடந்தால் அந்தத் தொழிலே வருகைப் பதிவேட்டில் மட்டும் வாழும். இவை யாவும் முதல்வரின் மேசையைச் சார்ந்தவை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஓராண்டை இழந்தால் மற்றோராண்டு படிப்பான். குப்பத்துப் பிள்ளைக்கு அந்த ஓராண்டுக்காகவே வீட்டார் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

தலைமையின் வகைகளைக் குறித்து உலகெங்கும் நூல்கள் குவிந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை வணிகருக்கென எழுதப்பட்டவை. அவற்றை நாம் விட்டுவிடலாம். ஆனால் ஓர் ஆய்வு மட்டும் நம் பட்டறைகளுக்கென்றே செய்யப்பட்டதுபோல் இருக்கின்றது. ஜெர்மனியில் இட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டில் அந்நாட்டை விட்டு அமெரிக்காவுக்குப் பெயர்ந்த யூத உளவியலறிஞர் கர்ட் லெவின், தம் உடனாய்வாளர்களாகிய லிப்பிட், ஒயிட் இருவரோடும் அயோவா பல்கலைக்கழகத்தில் அதனை நடத்தி, 1939இல் முடிவுகளை வெளியிட்டார். பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்தல் போன்ற கைவேலைகளைக் கொடுத்தனர். ஒருவகைத் தலைவர் எல்லாவற்றையும் தாமே முடிவு செய்து கட்டளையிட்டார். மற்றொரு வகையினர் சிறுவரோடு கலந்துபேசி, வேலையின் முழுப்போக்கையும் அவர்களுக்கு விளக்கி, தாமும் உடனமர்ந்து உதவினார். மூன்றாம் வகையினர், விரும்பியதைச் செய்யுங்கள் என்று விட்டுவிட்டார்.

கட்டளைத் தலைவரின்கீழ் வேலை மும்முரமாகவே நடந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் அறையை விட்டு வெளியே சென்றதும் கைகள் ஓய்ந்தன. சிறுவர் தமக்குள் எளியவன் ஒருவனைத் தேடி அவன்மீது பாய்ந்தனர். கலந்துபேசிய தலைவர் வெளியே சென்றபோது வேலை ஏறத்தாழ முன்போலவே தொடர்ந்தது. மூன்றாம் குழுவில் தலைவர் இருந்தபோதும் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு சிறு செய்தியும் அவ்வாய்வில் உண்டு. கலந்துபேசும் தலைவரின் குழுவில் சிறுவர்கள் ‘நான்’ என்பதைக் குறைத்து ‘நாம்’ என்ற சொல்லை மிகுதியாக வழங்கினராம். ஆங்கிலத்தில் அது நிகழ்ந்தது. தமிழில் நமக்கு ‘நாம்’, ‘நாங்கள்’ என இரண்டு சொற்கள் இருப்பதால் நம் பிள்ளைகள் எதைச் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பது சுவையானது.

தலைவர் வெளியே சென்ற பின்பு அவ்விடத்தில் என்ன நடக்கிறது என்பதே தொழிற்கல்விக் கூடத்துக்கு உரைகல். ஏனெனில் பயிற்சி முடித்த இளைஞன் ஆலைக்குள் நுழையும்போது அவனுடைய முதல்வர் அவனோடு வரப்போவதில்லை.

கோவை கண்ட பாடம்

நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒரு வரலாற்றை இங்கு நினைவுகூர வேண்டும். கோவை தந்த பெருமேதை கோ. து. நாயுடு (1893–1974) பள்ளிப் படிப்பைத் தொடக்க வகுப்புகளோடு விட்டவர். பேருந்து ஓட்டுநராய்த் தொடங்கிப் பெரும் பேருந்து நிறுவனத்தை எழுப்பியவர். மின்சார முகச்சவரக் கருவி முதலாகப் பல பொருள்களைப் படைத்தவர். 1945இல் அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாயின. ஆர்தர் ஹோப் என்பவர் அந்நாளில் சென்னை மாகாண ஆளுநர். நாயுடு அவர்களே கல்லூரியின் முதல்வர் பொறுப்பையும் ஏற்றார்.

தொழில் கற்க நான்காண்டு எதற்கு, இரண்டாண்டு போதும் என்பது அவர் கொள்கை. கையால் செய்து கற்பவன் விரைவில் கற்பான் என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டிருந்தார். ஆங்கில அரசு அதனை ஏற்கவில்லை. நாயுடு அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்துப் பதவியைத் துறந்தார். கல்லூரி அரசின் வழியே வளர்ந்து, இன்று கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகப் புகழோடு விளங்குகின்றது. அவருடைய குறுகிய காலப் பயிற்சிக் கொள்கை அக்கல்லூரியில் நிலைக்கவில்லை.

நாயுடு அவர்களின் கொள்கையில் பெரும் பகுதி நியாயம் உண்டென்றே நாம் கருதுகின்றோம். இன்று உலகெங்கும் பேசப்படும் குறுகிய காலத் தொழிற்பயிற்சிகளை அவர் அன்றே கண்டார் எனலாம். ஆயினும் அது ஒரு மாமனிதரின் தனி எண்ணமாகவே நின்றுவிட்டது. உடன் நின்று வாதாட ஓர் ஆசிரியர் குழுவோ, பட்டம் வழங்கும் அமைப்பில் ஒரு துணையோ வாய்க்காத நிலையில், தலைவர் விலகியதும் கொள்கையும் விலகிற்று. மேதைகள் கல்லூரியைத் தொடங்குவது எளிது. மேதைகள் கல்லூரியை நடத்துவது அத்துணை எளிதன்று.

தொழிலாளச் சிறுவரின் தோழர்

இதற்கு மறுதலையாக ஒரு மரபு நம் திருச்சபையிலேயே இருக்கின்றது. இத்தாலியின் தூரின் நகரில் ஆலைத்தொழில் பெருகிய காலத்தில், கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த சிறுவர்கள் தச்சரிடமும் கொத்தரிடமும் அடிபட்டு வேலை செய்தனர். புனித தொன் போஸ்கோ (1815–1888) முதலில் அச்சிறுவருக்காக முதலாளிகளோடு எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்தார். 1850களின் தொடக்கத்தில் எழுந்த அவ்வொப்பந்தங்களைப் படிப்போர் வியப்பர். சிறுவனுக்குத் தொழிலை ஒழுங்காகக் கற்பிக்க வேண்டும். தொழிலுக்குப் புறம்பான ஏவல் வேலைகளுக்கு அவனைப் பயன்படுத்தலாகாது. திருத்த வேண்டுமாயின் சொல்லால் திருத்த வேண்டும், கையால் அன்று. திருநாள்களில் ஓய்வு அளிக்க வேண்டும். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த நிபந்தனைகளை நம் பகுதிப் பட்டறைகள் சிலவற்றின் சுவரில் இன்றும் ஒட்டலாம்.

பின்னர் 1853இல் செருப்புத் தைத்தலும் துணி தைத்தலும், அடுத்து நூற்கட்டும் தச்சும், 1861இல் அச்சகமும் எனத் தம் இல்லத்திலேயே பட்டறைகளை அமைத்தார். அவருடைய தலைமையின் கமுக்கம் ‘உடனிருத்தல்’ என்ற ஒரே சொல்லில் அடங்கும். தவறு நிகழ்ந்தபின் தண்டிப்பவராக அன்றி, தவறு நிகழாதவாறு சிறுவரிடையே நடமாடுபவராகத் தலைவர் இருக்க வேண்டும் என்பதே 1877இல் அவர் எழுதிய தடுப்புமுறைக் கல்வியின் சாரம். விளையாட்டுத் திடலிலும் பட்டறையிலும் உணவறையிலும் பொறுப்பாளர்கள் உடனிருந்தனர். ஆனால் எல்லாப் பொறுப்பும் அவர் ஒருவரிடமே குவியவில்லை. தம்மிடம் வளர்ந்த இளைஞரையே பட்டறைகளுக்கும் இல்லங்களுக்கும் பொறுப்பாளராக்கினார். ஆதலால்தான் அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1906இல், சலேசியர் தஞ்சைக்கு வந்திறங்கியபோதும் அதே முறை அவர்களோடு வந்தது.

வடசென்னையில் இதற்குக் கண்கூடான சான்று ஒன்று உண்டு. வியாசர்பாடியின் குடிசைப் பகுதியில் 1960களில் தந்தை ஓர்பெயோ மந்தோவானி ‘பியாட்டிட்யூட்ஸ்’ என்னும் பணிமையத்தை எழுப்பினார். 1967இலேயே அவர் இறைவனடி சேர்ந்தார். தொடங்கி மிகச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில் தலைவரை இழந்தும், அம்மையம் நிலைத்து நின்று இன்றுவரை பணிபுரிகின்றது.

சமுதாயக் கல்லூரிகள்

தொழிற்கல்வித் தலைமை குறித்துப் பேசும்போது தமிழகம் பெருமையோடு சுட்டிக்காட்டத்தக்க முயற்சி சமுதாயக் கல்லூரி இயக்கமாகும். இதன் மூல வடிவம் அமெரிக்காவுக்கு உரியது. 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளி ஒன்றின் தொடர்ச்சியாகச் சில மாணவரோடு தொடங்கிய கல்லூரியே அவ்வகையில் முன்னோடி. இங்கே 1995இல் புதுச்சேரியில் ஒன்றும், 1996இல் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்தின் சார்பில் சென்னைச் சமுதாயக் கல்லூரியும் தோன்றின. 1999இல் சேசு சபையைச் சேர்ந்த தந்தை சேவியர் அல்போன்ஸ் இக்கல்லூரிகளுக்கென ஆய்வும் பயிற்சியும் வழங்கும் தனி மையம் ஒன்றைச் சென்னையில் நிறுவினார்.

இக்கல்லூரிகளின் சிறப்பு, எவரையும் வாயிலில் திருப்பி அனுப்பாமை. பள்ளியைப் பாதியில் நிறுத்தியவரும், வயது கடந்தவரும், கணவனை இழந்து பிள்ளைகளோடு நிற்கும் தாயும் சேரலாம். பயிற்சியின் அமைப்பும் புதுமையானது. தொழில்திறனுக்கு முன் வாழ்க்கைத்திறன்: அஞ்சாமல் நிற்றல், நேரம் பேணல், தன்னைத்தானே மதித்தல். அதன்பின் பேச்சுத்திறன், தொழில்திறன். இறுதியில் மெய்யான பணியிடத்திலேயே நேர்முகப் பயிற்சி. பத்தாம் வகுப்பில் தவறியவன் என்ற முத்திரையோடு வருகின்ற பிள்ளைக்கு, முதலில் அந்த முத்திரையை அகற்ற வேண்டும் என்பதை உணர்ந்து வகுத்த திட்டம் இது.

தலைமை பற்றி நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. தந்தை சேவியர் அல்போன்ஸ் கல்லூரி முதல்வராகப் பணியாற்றியவர். பின்னாளில் பல்கலைக்கழக மானியக் குழுவின் உறுப்பினராகவும் இருந்தவர். தாம் விரும்பியிருந்தால் பெரியதொரு கல்லூரியை எழுப்பி அதன் தலைமையில் அமர்ந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. எவரேனும் ஓர் அமைப்பினர் ஓர் ஊரில் இதனைத் தொடங்க முன்வந்தால், அவர்களுக்குத் திட்டம் தந்து, பொறுப்பாளருக்குப் பயிற்சி தந்து, கல்லூரியை அவர்களிடமே விட்டுவிட்டார். அவ்வூரில் எத்தொழிலுக்குத் தேவை உண்டென்று அவ்வூராரே ஆராய வேண்டும். கடலூருக்கு ஏற்றது திருப்பூருக்கு ஏற்காது அன்றோ! கிறித்தவர் அல்லாதார் நடத்தும் அமைப்புகளும் சேர்ந்தன. இவ்வாறு பல மாநிலங்களில் நூற்றுக்கணக்கான கல்லூரிகள் உருவாயின.

அரசின் அங்கீகாரம் வந்த கதையில் இனிப்பும் கசப்பும் கலந்துள்ளன. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இக்கல்லூரிகளின் பட்டயத்துக்கு ஏற்பளித்தது. 2009இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடு தழுவிய திட்டமொன்றைத் தொடங்கி, விரைவாகப் பல நூறு கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டு, சில ஆண்டுகளிலேயே அதனை நிறுத்திவிட்டது. மேலிருந்து வந்த ஆணையால் பிறந்தது மேலிருந்து வந்த ஆணையாலேயே நின்றது. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு வேறொரு திட்டத்தைக் கொணர்ந்தது. இத்தனை ஏற்ற இறக்கத்திலும், தம் ஊர்த் தொழில் நிறுவனங்களோடு நேரடி உறவு வைத்திருந்த பொறுப்பாளர்களின் கையில் ஒரு துணை இருந்தது. வேலை தருகிறவர் பயிற்சியாளனின் கையை நேரில் பார்த்துப் பழகியிருந்தால், சான்றிதழின் முத்திரை மாறியதைப் பெரிதாய் எண்ணமாட்டார்.

முதல்வரா, மேலாளரா?

கடல் கடந்த நாடொன்றின் அனுபவமும் இங்குப் பயன்படும். இங்கிலாந்தில் நம் தொழிற்கல்விக் கூடங்களை ஒத்த மேற்கல்விக் கல்லூரிகள் ஊராட்சி மன்றங்களின் பொறுப்பில் இருந்தன. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1993இல் அவை தனித்தியங்கும் நிறுவனங்கள் ஆயின. முதல்வர்கள் ஒரே நாளில் நிறுவனத் தலைவர்கள் ஆயினர். கட்டடம், கடன், ஊழியர் ஒப்பந்தம், மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற மானியம் என்று அவர்கள் கவனம் திரும்பிற்று. ஆசிரியரின் புதிய பணி ஒப்பந்தங்களை ஒட்டி வேலைநிறுத்தங்கள் நடந்தன. நல்ல கணக்காளராகிய முதல்வர் தேவையற்றவர் என்று நாம் சொல்லவில்லை; கணக்கு தவறினால் கல்லூரியே இல்லை. ஆனால் கணக்கு மேசையை விட்டு எழாத முதல்வர்க்குப் பட்டறையின் ஓசை கேட்பதில்லை.

நம் நாட்டிலும் இக்கேள்வி எழுந்துள்ளது. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்படி அமைந்த தொழிற்பயிற்சி நிலையங்களில் முதல்வருக்கு இருந்த உரிமை மிகக் குறைவு. கருவி வாங்குதல் முதலாக எல்லாமே தலைமை அலுவலகத்தைப் பார்த்திருந்தன. இதனை மாற்றும் நோக்கில் 2007ஆம் ஆண்டளவில் மைய அரசு 1,396 அரசினர் நிலையங்களைத் தொழில்துறையோடு இணைத்து மேம்படுத்த முற்பட்டது. நிலையம் ஒன்றுக்கு இரண்டரைக் கோடி ரூபாய்வரை வட்டியில்லாக் கடன். அதனைச் செலவிட ஒரு மேலாண்மைக் குழு; ஆலை ஒன்றின் பிரதிநிதி அதன் தலைவர்; நிலையத்தின் முதல்வர் உறுப்பினர்–செயலாளர்.

இங்கேதான் முதல்வரின் இயல்பு வெளிப்படும். ஆலையின் மேலாளர் ஓய்வில்லாதவர். அவராக வந்து குழுவைக் கூட்டமாட்டார். முதல்வர் சென்று அவர் கதவைத் தட்ட வேண்டும். உங்கள் ஆலையில் எந்த இயந்திரத்துக்கு ஆள் கிடைப்பதில்லை என்று கேட்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் பத்துப்பேரை இரண்டு வாரம் உள்ளே நிற்க அனுமதியுங்கள் என்று வேண்ட வேண்டும். இவ்வாறு கேட்கக் கூச்சப்படாத முதல்வர்க்கு அக்குழு உயிருள்ள கருவி. ஆணை வரட்டும் எனக் காத்திருப்பவர்க்கு அது மற்றொரு கோப்பு.

தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தி, 2023இல் அம்மையங்களைத் திறந்து வைத்தது. கணிப்பொறி இயக்கும் கடைசல் இயந்திரங்களும் இயந்திரக் கைகளும் அங்கே வந்துள்ளன. மகிழ்ச்சியே. இத்தகைய இயந்திரம் பழுதுபடுமே என்று அஞ்சிப் பயிற்சியாளரைத் தொடவிடாமல் காட்சிப் பொருளாக வைக்கத் தோன்றுவது மனித இயல்பு. பழுதானால் பொறுப்பு நான் ஏற்கிறேன், பிள்ளைகள் ஓட்டட்டும் என்று பயிற்றுநரிடம் சொல்லத் துணிகின்ற முதல்வர் வேண்டும். பயிற்றுநர் அச்சமின்றிக் கற்பிக்கும் இடத்தில்தான் பயிற்சியாளன் அச்சமின்றிக் கற்பான்.

மீனவருக்கு யார் ஆசிரியர்?

எண்ணூர்க் குப்பங்களைப் பற்றிப் பேசும்போது ஆலை வேலை ஒன்றையே குறிக்கோளாக வைப்பதும் சரியன்று. கொசத்தலையாற்றின் கழிமுகம் பல தலைமுறைகளுக்கு இறாலும் நண்டும் மீனும் தந்தது. இன்று ஆலைக் கழிவும் சாம்பலும் அதனைப் பாழ்படுத்தியுள்ளன. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் கலந்து வந்து வலைகளிலும் படகுகளிலும் படிந்ததை எவரும் மறக்கவில்லை. இத்தகைய மக்களுக்கான கல்வியில் தலைமை எங்கிருந்து வரவேண்டும்?

கனடாவின் நோவா ஸ்கோசியாக் கரையில் இக்கேள்விக்கு ஒரு குரு விடை கண்டார். தந்தை மோசஸ் கோடி (1882–1959) அந்திகோனிஷ் நகரிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகத்தின் வெளிவிரிவுத் துறைக்கு 1928இல் பொறுப்பேற்றார். கல்லூரியை அவர் கடற்கரைக்கே கொண்டு சென்றார். வணிகரிடம் கடன்பட்டு, பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே விற்றுவந்த மீனவர்கள், மாலைவேளைகளில் ஒருவர் வீட்டுச் சமையலறையில் சிறு குழுவாய்க் கூடினர். விலை ஏன் வீழ்கிறது, கடன் ஏன் தீரவில்லை என்று தாமே படித்து, தாமே வாதிட்டனர். குழுவின் தலைவரும் அவர்களுள் ஒருவரே. பேராசிரியர் நூலும் துண்டறிக்கையும் தருவார்; முடிவு மீனவருடையது. அக்குழுக்களிலிருந்து கூட்டுறவுச் சங்கங்களும், கடன் சங்கங்களும், சிங்கி இறால் பதனிடும் கூட்டுறவு ஆலைகளும் எழுந்தன.

இராயபுரத்து இராயப்பர் ஆலயம் படகோட்டிகளின் உழைப்பாலும் பொருளாலும் எழுந்தது என்பதை நம் மக்கள் அறிவர். கடற்கரை மக்களுக்குத் தலைமை தாங்கத் தெரியாது என்று சொல்வோர்க்கு அவ்வாலயத்தின் சுவரே விடை. படகு எஞ்சின் பழுது பார்த்தலும், வலைக்கூடத்தின் கணக்கும், மீன் பதனிடலும் கற்பிக்கும் மையம் ஒன்று குப்பத்தில் அமையுமாயின், அதன் ஆலோசனைக் குழுவில் அனுபவம் மிக்க மீனவர் ஒருவரும் மீன் விற்கும் தாய் ஒருவரும் இருத்தல் வேண்டும். அரங்கின் முன்வரிசையை அழகு செய்ய அன்று. எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்ய.

சேர்க்கைக்கு முன்

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் தவறிய பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சகியாமல், கையில் கிடைத்த முதல் விண்ணப்பத்தை நிரப்பும் பெற்றோர் பலர். பொறுமையாகச் சில செய்திகளை அறிந்துகொள்ளுதல் நலம். வெல்டர் போன்ற சில தொழில்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும், ஓராண்டில் முடியும். பிட்டர் முதலியவை ஈராண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டுத் தொழிற்பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. அதை முடித்தவர் பொறியியலிலும் அவ்வாறே இரண்டாம் ஆண்டில் சேரலாம். பிள்ளையின் பாதை அடைபட்டுவிட்டது என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின்படியும், ஆண்பிள்ளைகளுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின்படியும் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயில்வோருக்கும் இது பொருந்தும்.

இவற்றோடு ஒரு வேலையும் செய்யுங்கள். விண்ணப்பம் வாங்கச் செல்லும் நாளில் அலுவலகத்தோடு திரும்பிவிடாமல், பட்டறையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். இயந்திரங்களின்மேல் தூசியா, எண்ணெயா என்று பாருங்கள். பயிற்றுநர் இல்லாத நேரமாயின் இன்னும் நல்லது. பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். வாயிற்காவலரிடமும் பயிற்சியாளரிடமும், முதல்வர் இந்தப் பக்கம் வருவாரா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார் என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். பின்பு முதல்வரையே கண்டு, சென்ற ஆண்டு வெளியேறிய பிள்ளைகள் இன்று எங்கெங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று வினவுங்கள். சிலர் அதற்குரிய பதிவேட்டைத் தம் மேசையிலிருந்தே எடுத்து விரிப்பர்; பெயரைச் சொல்லி, இவன் மணலியில், இவள் கும்மிடிப்பூண்டியில், இவனுக்குத் திருமணம் ஆயிற்று என்பர். சிலர் அதைத் தேடிவர ஆள் அனுப்புவர்.